ஏழு நாட்டுக் கோடுகள்

கும்மிடிப்பூண்டி
22.07.2007, ஞாயிறு

அன்பு மகள் ஜெபாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் சின்னவள் ரூத்தையும் தம் செட்டைகளின் நிழலில் வைத்துக் காப்பாராக. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், போன வருஷத்துச் சிக்குன் குனியா வலி மட்டும் அம்மாவின் முழங்காலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மனசுக்கும் நலம் என்று எழுத முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவர் இப்போது எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய் வந்துவிடுகிறது கண்ணு. பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை அப்படித்தான் வந்தது. வில்லங்கச் சான்றில் ஏதோ கோளாறு, ஆரணி ரோட்டு மனையின் ரிஜிஸ்டர் தள்ளிப்போகிறது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். சான்றில் ஒரு கோளாறும் இல்லை. பத்திரம் எழுதி முடித்து, வாங்குகிறவர் வந்து உட்கார்ந்து, சாட்சிகளும் வந்த பிறகு, கையெழுத்துப் போடவேண்டிய நான்தான் எழுந்து வந்துவிட்டேன். மனை விற்கவில்லை. உன் டப்ளின் வீட்டு முன்பணத்துக்கு நீ எதிர்பார்த்துக் கொண்டிருக்கிற பணம் என்னிடம் இல்லை. உனக்குக் கோபம் வரும், வரட்டும், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

இது எங்கே தொடங்கியது என்றால் மோசஸிடம். நம் தெரு ஞானம்மாவின் மகன், உன்னோடு பத்தாவது வரை படித்தவன், கலிபோர்னியாவில் வீடு வாங்கினானே அவன்தான். அந்த வீட்டுப் போட்டோவை ஞானம்மா லேமினேஷன் செய்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டு சபையில் எல்லோருக்கும் காட்டுவாள், நாலு படுக்கையறை, இரண்டு கார் நிற்கிற ஷெட். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் அம்மா உன்னிடம், மோசஸ் ஊடு வாங்கிட்டான், நீ இன்னும் வாடகையிலயே கீறியே என்று மாதா மாதம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவை மட்டும் சொல்லிப் பயனில்லை, பக்கத்தில் நின்று தலையாட்டினவன் நான். போன மே மாதக் கடைசியில் மோசஸ் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து இறங்கினான், லீவு என்று சொன்னான். ஜூன் பாதி தாண்டியும் போகவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் என்னோடு நடந்து வந்தவன், ஜெபா டப்ளின் ஊட்ட எப்போ ரிஜிஸ்டர் பண்ணுது மாமா என்று கேட்டான். ஆகஸ்டில் என்று பெருமையாகச் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டான். மாமா, எங்கம்மா கிட்ட சொல்லிடாத, எனக்கு இப்ப ஊடே இல்ல மாமா, சாவிய கவர்ல போட்டு பேங்குக்கு அனுப்பிட்டுதான் வந்தேன் என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மொத ரெண்டு வருஷம் வட்டி கம்மி, அப்பறம் ஏறிக்கினே போச்சு, கட்ட முடியல, வித்துடலாம்னு பாத்தா வாங்கின வெலைக்குக் கேக்க ஆள் இல்ல, எங்க தெருவுல மட்டும் பதினோரு ஊட்டு வாசல்ல விக்கறோம்னு போர்டு நிக்குது மாமா என்றான். சொல்லும்போது அவன் அழவில்லை, சிரித்த மாதிரிதான் சொன்னான். அவனும் மாதம் தவறாமல் சம்பளம் வாங்கினவன், குடி சூது ஒன்றும் இல்லாதவன். அப்புறம் அவன் சொன்னான், மாமா, அயர்லாந்துல ஏறினது எங்க ஊர விட ஜாஸ்தி மாமா, அதுக்குத்தான் கேட்டேன்.

அவனை விடாமல் மறுநாள் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். பல நாடுகளில் வீட்டு விலை வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறியது என்று ஒரு ஆங்கிலப் பத்திரிகை கணக்குப் போட்டிருந்தது, அதை மூன்று தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். ஒரு நாட்டில் டாலர், ஒரு நாட்டில் யூரோ, ஒரு நாட்டில் யென், எதை எதோடு ஒப்பிடுவது என்று கேட்டேன். அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1997இல் எல்லா நாட்டிலும் வீட்டு விலை நூறு என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஏறினதையும் இறங்கினதையும் மட்டும் பார்க்கிறார்கள். கிராஃப் தாள் வாங்கி வந்து, ரூத் போன தடவை விட்டுவிட்டுப் போன கலர் பென்சில்களால் ஏழு நாட்டுக்கும் ஏழு கோடு போட்டேன். அமெரிக்கா இந்தப் பத்து வருஷத்தில் நூறிலிருந்து இருநூறு, மோசஸைத் தெருவில் நிறுத்தியது அந்த இருநூறுதான். ஆஸ்திரேலியா அதற்கும் மேலே. ஸ்பெயினும் இங்கிலாந்தும் முந்நூறை ஒட்டி நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, பச்சைப் பென்சிலில் போட்ட உன் அயர்லாந்து, முந்நூற்றைம்பதுக்குப் போய்த் தாளின் விளிம்பை இடித்துக்கொண்டு நிற்கிறது. ஜெர்மனி நூறிலேயே படுத்திருக்கிறது. ஜப்பான் நூறிலிருந்து எழுபதுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஜப்பானில் ஏன் இறங்கியது, நல்ல நாடுதானே என்று கேட்டேன். அவங்களும் அதுக்கு முன்னால நம்மளாட்டம்தான் ஏறிக்கினு இருந்தாங்க மாமா, சின்னத் தீவு, எடம் கொஞ்சம் ஜனம் அதிகம், எறங்கவே எறங்காதுன்னு எல்லாரும் சொல்லிக்கினு வாங்கினாங்களாம், அப்பறம் எறங்க ஆரம்பிச்சுது, பதினாறு வருஷமா எறங்கிக்கினே கீது என்றான். ஜெபா, சித்திரை மாதம் நீ போனில் என்னிடம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. சின்னத் தீவுப்பா, எடம் இல்ல, எறங்காதுப்பா. அச்சு அசலாக அதே சொல்.

கோடு போட்டதோடு விட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேனோ என்னவோ. ஆனால் இருபத்தாறு வருஷம் ரோலிங் மில்லில் உலை பக்கத்தில் உட்கார்ந்து சூட்டின் வரைபடத் தாளை மாற்றிக்கொண்டிருந்தவன் நான், கோடு ஏறுகிறதைச் சும்மா பார்க்க என்னால் முடியாது. உன் சிநேகிதி விக்டோரியாவின் அப்பா எங்கள் மில்லில் செத்த வருஷம் உனக்கு நினைவிருக்கும், அந்தப் பெண் ஒன்பது நாள் நம் வீட்டில்தான் உன்னோடு படுத்திருந்தாள். அவர் செத்த அன்று காலையிலிருந்தே கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மீட்டர் கோளாறுய்யா, ஓடட்டும் என்றார். அவர் படித்தவர், பெரிய பதவியில் இருக்கிறவர், அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து விக்டோரியாவின் அப்பா மேல் கொதிநீர் கொட்டியது. இதை இத்தனை வருஷத்தில் உன்னிடமும் அம்மாவிடமும் நான் சொன்னதில்லை. வீட்டு விலை வேறு, உலை வேறு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு அந்த உலைத் தாள்தான் தெரிகிறது, அதற்கு நான் என்ன செய்ய.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். வீட்டின் விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம் யூரோ, முன்பணம் போக மீதிக்கு முப்பத்தைந்து வருஷக் கடன், உனக்கு அறுபத்தெட்டு வயதாகும்போதுதான் முடியும். மாப்பிள்ளை பார்க்கிற வேலை என்ன, புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடிகளுக்கு ஜன்னல் பொருத்துகிற வேலை. வீட்டு விலை இறங்கினால் புதிதாக யார் கட்டுவான்? கட்டாவிட்டால் ஜன்னல் எதற்கு? விலை இறங்குகிற அதே நாளில் அவர் வேலையும் போகும் அல்லவா? வீடும் சம்பளமும் ஒரே கயிற்றில் தொங்குகிறதே என்று எனக்குத் தோன்றியது. உன் நர்ஸ் சம்பளம் ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இழுப்பாய்? நைட் டியூட்டிக்கு மேல் நைட் டியூட்டி பார்த்து உன் உடம்பு என்னாகும்? இதைக் கேட்கத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ, சமையலறை எந்தப் பக்கம், ரூத்தின் அறைக்கு என்ன கலர் என்று சந்தோஷமாகப் பேசுவாய். வாடகை கட்டறது ஆத்துல போடற காசுப்பா என்பாய். நானும் ஆமாம்மா ஆமாம்மா என்று வைத்துவிடுவேன்.

இப்படியே ஜூலை பன்னிரண்டு வந்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் முடிக்கவேண்டும் என்று ரிஜிஸ்டர் ஆபீஸில் திருவிழாக் கூட்டம். புரோக்கர் குணசுந்தரி, முன்பு நம் தெருவில் தவணைக்கு எவர்சில்வர் பாத்திரம் விற்றவள், இப்போது ஸ்கூட்டியில் மனை காட்டுகிறாள், அவள்தான் வாங்குகிறவரைக் கூட்டி வந்திருந்தாள். பத்திரம் எழுதுகிற அப்துல் வஹாப் பாய், விற்கிறவர் காதில் விழவேண்டும் என்று சத்தமாகப் படித்தார். இன்று முதல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை என்ற இடம் வந்தது. அந்தப் பக்கம் என் அப்பா அன்றாடக் கூலிக்கு நாற்று நட்டவர், அந்தப் பக்கத்திலேயே நம் பெயருக்கு இரண்டு கிரவுண்டு வாங்கினோமே என்ற நினைப்பு வந்தது உண்மைதான். ஆனால் அதற்காக நான் எழுந்து வரவில்லை, மனையை விட நீ பெரியவள். வாங்குகிற மனிதர் அப்போது செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நாம இன்னாத்துக்குக் கட்டப்போறோம், ஆடி கழிச்சு இன்னொருத்தன் தலையில கட்டிடலாம், அதுக்குள்ள இன்னும் ஏறிடும் என்று சிரித்தார். அவர் இங்கே பேசுகிறார், அங்கே உனக்கு வீடு விற்கிறவனும் இப்படித்தான் யாரிடமோ சிரித்துக்கொண்டு பேசியிருப்பான் என்று எனக்குப் பட்டுவிட்டது. கடைசியாக யார் தலையில் கட்டுவார்கள் என்று பார்த்தால் அது என் பிள்ளையின் தலை. பேனாவைப் பத்திரத்தின் மேல் வைத்தேன். பாய், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அறுபத்திரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பயந்த பையன் மாதிரி ஓடி வந்தேன். சாயங்காலம் நீ போன் செய்தாய், அந்தப் பொய்யைச் சொன்னேன்.

மறுநாளே குணசுந்தரி வீடு தேடி வந்துவிட்டாள். இன்னாண்ணே, மூணு மாசமா பார்ட்டிய இட்டாந்து இட்டாந்து காட்டறேன், கையெழுத்து போடற நேரத்துல எழுந்து வந்துட்டியே, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே என்று வாசலில் நின்று கத்தினாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. போகும்போது குரலைத் தாழ்த்தி, நான் சும்மா கீறேன், அந்தப் பார்ட்டி சும்மா கீறமாட்டாருண்ணே, பாத்து நடந்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனாள். சனிக்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது வெள்ளை சுமோவில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அம்மா தனியாக இருந்தாள். ஒன்றும் செய்யவில்லை, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார்கள். ஐயா எந்நேரம் வெளிய போறாரு, எந்நேரம் வராருன்னு எங்களுக்குத் தெரியும்மா, வந்தா சொல்லு என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நாலு நாள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் நாஷ்டா சாப்பிட்டோம். கடைசியில் வஹாப் பாய்தான் நடுவில் நின்று பேசினார். மனைக்கு நான் வாங்கியிருந்த முன்பணத்தோடு பத்தாயிரம் மேலே வைத்துக் கொடுத்து, இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பேச்சில்லை என்று எழுதி வாங்கிக் கொடுத்தார். அது புதன்கிழமை முடிந்தது, அதனால் எங்களைப் பற்றி நீ பயப்படாதே, அந்தப் பேஜாரு தீர்ந்தது.

தீராதது அம்மா. அவளிடமும் நான் வில்லங்கச் சான்று என்றுதான் சொல்லியிருந்தேன், குணசுந்தரி கத்தினதில்தான் உண்மை தெரிந்தது. ஒரு வாரம் தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், அதோடு சரி. வியாழக்கிழமை கிராஃப் தாளை அவள் முன்னால் விரித்து ஒவ்வொரு கோடாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். அப்ப நம்ம மனை எங்க கீது இதுல என்று கேட்டாள். 1997இல் நாற்பதாயிரத்துக்கு வாங்கினது இப்போது ஒன்பது லட்சத்துக்குக் கேட்கிறார்கள், நூறிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டாயிரத்து இருநூற்றைம்பது, கோடு போட இந்தத் தாள் போதாது, கூரைக்குப் போகவேண்டும் என்றேன். ஏறினதெல்லாம் எறங்கும்னா, மொதல்ல விக்க வேண்டியது இதத்தானே, அத வித்து துட்ட பொண்ணு கையில குடுக்கறத உட்டுட்டு எழுந்து வந்துட்டியே என்றாள். தாளை மடித்து வைத்தேன் ஜெபா. நான் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை, பயத்தில் செய்தேன், அது எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா அதோடு விடவில்லை. பயந்தா பயந்தேன்னு சொல்லு, அது உன் பொண்ணு, அதுங்கிட்ட சொல்லு, ஊரெல்லாம் நோயாளிக்கு ஊசி போட்டுக்கினு கீற பொண்ணு அது, ஒரு பயத்தக் கேட்டுக்க மாட்டாளா, அத வுட்டுட்டு இன்னாத்துக்குப் பொய் சொல்லி, கொழந்தையாட்டம் அது கையில இருந்து புடுங்கற என்று கேட்டாள். கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் உன் அம்மா சாராள் என்னிடம் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசினது அன்றுதான்.

அவள் சொன்னது சரி. ஃபோர்மேனிடம் வாயை மூடிக்கொண்டது ஒரு தப்பு என்றால், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உனக்காக நானே முடிவெடுத்தது அதற்குக் குறைந்த தப்பு இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை மறுபடி ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனேன். ஆடி பிறந்துவிட்டதால் ஆபீஸ் காலியாக இருந்தது, நமக்கு ஆடி ஏது. இந்தத் தடவை எழுந்து வராமல் கையெழுத்துப் போட்டேன். ஆரணி ரோட்டு மனை இரண்டு கிரவுண்டும் இனி உன் பெயரில். செட்டில்மென்ட் பத்திரத்தின் நகல் இந்தக் கவரில் இருக்கிறது. விற்கவேண்டும் என்று நீ நினைத்தால், அங்கே இந்தியத் தூதரகத்தில் போய் வஹாப் பாய் பெயருக்குப் பவர் எழுதி அனுப்பு, அவர் விற்றுப் பணத்தை உனக்குச் சேர்த்துவிடுவார், குணசுந்தரியிடம் வேறு ஆள் இருக்கிறார்களாம், நான் நடுவில் வரமாட்டேன். பவர் வந்து சேர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் உனக்கு வீடு விற்கிறவன் கெடு வைத்த ஆகஸ்ட் பத்து தாண்டினாலும் தாண்டும். அது எனக்குத் தெரிந்துதான் செய்தேன். அந்தத் தாமதத்திலாவது நீ யோசிப்பாய் என்று மனசில் ஒரு மூலையில் நினைத்தேன், அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன், இனி உன்னிடம் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பத்திரத்தோடு கிராஃப் தாளையும் மடித்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையும் நீயும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம். அங்கே படித்தவர்கள், பாங்குக்காரர்கள் எல்லோரும் ஏறும் என்கிறார்கள், நான் எட்டாவது படித்த மில் தொழிலாளி. நாளைக்கு அந்தக் கோடு நானூறுக்குப் போய், அப்பா மட்டும் அன்றைக்குப் பயப்படாமல் இருந்திருந்தால் நமக்கும் ஒரு வீடு இருந்திருக்குமே என்று நீ ஆயுசு முழுவதும் நினைப்பாயோ என்பது ஒரு பயம். வாங்கி, அது இறங்கி, மோசஸ் மாதிரி நீ சிரித்துக்கொண்டே வந்து லீவு என்று சொல்லி என் எதிரில் நிற்பாயோ என்பது இன்னொரு பயம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால் இரண்டாவதுதான் என்று சொல்வேன், ஆனால் முதலாவதும் சின்னது இல்லை. அப்படி ஒருநாள் வந்து நிற்கிற நிலைமை ஆனாலும் லீவு என்று பொய் சொல்லாதே. ஞானம்மா பாவம், மகன் எப்போது திரும்பிப் போவான் என்று இன்னும் தேதி கேட்டுக்கொண்டிருக்கிறாள், இன்று காலையும் சபையில் அந்தப் போட்டோவைப் பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மற்றபடி ஊரில் மழை இல்லை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. ரூத்துக்கு இருமல் என்றாயே, இரவில் நெஞ்சில் தைலம் தடவிக் கம்பளிச் சட்டை போட்டுத் தூங்க வை, குளிர்ந்த பாலைக் கொடுக்காதே. மாப்பிள்ளை உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர், காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதே. நீ டியூட்டி முடிந்து வரும்போது தனியாக பஸ்ஸுக்கு நிற்காமல் யாராவது ஒருவரோடு வா. அம்மா ஊறுகாய் தனிப் பார்சலில் அனுப்புகிறாள், இந்தக் கவரோடு வைத்தால் எண்ணெய் ஊறிப் பத்திரம் கெட்டுவிடும் என்று நான்தான் தடுத்தேன். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, திட்டறதுன்னா என்னயும் சேத்துத் திட்டச் சொல்லு, மோசஸப் பாரு மோசஸப் பாருன்னு ஏத்தி உட்டது நான்தான் என்று எழுதச் சொன்னாள்.

ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் தலைக்கு மேல் ஒரு கூரையையும் அதன் கீழ் சமாதானத்தையும் தருவாராக, அது சொந்தக் கூரையோ வாடகைக் கூரையோ. தூதரகத்துக்குப் போவதானால் பாஸ்போர்ட்டோடு போட்டோ இரண்டு எடுத்துப் போக மறக்காதே. கூரியர்காரன் ஐந்து நாள் என்றான், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிடும். படித்த அன்றைக்கே போன் செய். வாங்குகிறேன் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, திட்டுவதற்காக இருந்தாலும் சரி, மணி அடித்தால் அம்மாவை எடுக்கச் சொல்லாமல் நானே எடுப்பேன்.

இப்படிக்கு, பயந்துகொண்டிருந்தாலும் உன்னை நம்புகிற
உன் அப்பா
பாக்கியநாதன்